முதுகுப் பையும் கொழுந்துக் கூடையும்

இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக வந்திறங்கும் வெள்ளைக்கார இளைஞர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தமிழ் பழகுவதற்காக, 19ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு கைநூல் அச்சானது. தொகுத்தவர் ஏ.எம். பெர்குசன். நூலின் பெயர் ‘இங்கே வா’. பின்னாளில் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு நூல் ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் சூடி வந்தது.

தமிழில் ஒருவரைக் கூப்பிடப் பல படிகள் உண்டு. வா, வாங்க, வாருங்கள். கூடவே அக்கா, ஆத்தா, பெரியம்மா என்று ஓர் உறவுப் பெயர். முன்பின் தெரியாத கிழவியைக்கூட நாம் உறவு சொல்லித்தான் அழைக்கிறோம். இருபது வயதுச் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி அதிகாரி, கற்றுக்கொண்டது இந்தப் படிகளில் எல்லாவற்றிலும் கீழான படியை மட்டும். தன் பாட்டி வயதுக்காரியை அவன் ‘வா’ என்றான். அவள் அவனைத் ‘தொரைங்க’ என்றாள். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே மலையில் இரு சாரார் சேர்ந்து வாழ்ந்தது இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான். வெள்ளைத் தோலின் சலுகை என்று உலகம் இன்று விவாதிக்கும் விஷயத்தை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் தேடிப் போனால், தோல் கண்ணில் படுவதற்கு முன்பே இந்த ‘வா’ காதில் விழுகிறது.

ஹல்துமுல்லை, கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக ஊவாவுக்கு ஏறும் வீதியில், பெரகலைச் சந்திக்குச் சற்று முன்னால் இருக்கிறது. வீதியோரம் நின்றால் தெற்கே தாழ்நிலம் புகைபோல் விரிந்து கிடக்கும். வடக்கே ஹப்புத்தளை மலைமுகடு. சரிவெங்கும் தேயிலை. அந்தச் சரிவை வாசிக்கப் பழகியவர்களுக்கு அது ஒரு சமூக வரைபடம். காற்றும் காட்சியும் கிடைக்கும் மேட்டில் பெரியதுரை பங்களா. அதற்குச் சற்றுக் கீழே சின்னத்துரை பங்களா. அப்புறம் கிளாக்கர், கணக்கப்பிள்ளை வீடுகள். பள்ளத்தில், ஓடையை ஒட்டி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம். லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. அதில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு தலைமுறை. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிசம் மாளிகையைப் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைக் கொண்டுவந்து, கருங்கல்லில், அந்த நாட்டு மாளிகைகளின் சாயலில் எழுப்பிய வீடு. இப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அழகான கட்டடம், மறுப்பதற்கில்லை. ஒரு மனிதருக்கு இந்த மலையில் எவ்வளவு இடம் தேவைப்பட்டது, இன்னொருவருக்கு எவ்வளவு போதும் என்று முடிவுசெய்யப்பட்டது என்ற கணக்கும் அந்தக் கல்லில் இருக்கிறது.

1988இல் அமெரிக்க ஆய்வாளர் பெகி மக்கின்டொஷ் வெள்ளைச் சலுகை பற்றி எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. ஆண்கள் தங்களுக்குக் கிடைக்கும் சலுகையை ஒப்புக்கொள்ள ஏன் மறுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தவர், அதே மறுப்பு வெள்ளைப் பெண்ணான தன்னிடமும் இருப்பதைக் கண்டார். வெள்ளையராகப் பிறந்தவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு முதுகுப் பையைச் சுமந்து திரிகிறார். அதில் கடவுச்சீட்டு, காசோலை, வரைபடம் எல்லாம் அவர் கேட்காமலே போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன என்பது மக்கின்டொஷ் சொன்ன உவமை. நேர்மையான கட்டுரை. ஆனால் ஊவாவிலிருந்து வாசிக்கும்போது எனக்கு ஒரு நெருடல். இங்கே முதுகில் சுமை சுமந்தவள் வேறொருத்தி. தலையிலிருந்து கயிறு இறங்கி முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை. இடுப்பைச் சுற்றிப் படங்கு. அது கண்ணுக்குத் தெரியாத சுமையே அல்ல. விளம்பரப் படங்களில் உலகம் முழுவதும் பார்த்த சுமை. துரையின் பை இலேசாக இருந்ததற்குக் காரணம், அதன் எடை முழுவதும் இவள் கூடைக்கு மாற்றப்பட்டிருந்ததுதான். சலுகையை ஒருவர் தனக்குள் எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் மனக்குறையாக மட்டும் பேசினால், பறித்த கொழுந்தை நிறுக்கும் தராசு பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

இந்த நழுவலைத்தான் காலனிய நீக்கப் பெண்ணியம் என்று அறியப்படும் சிந்தனை பிடித்து நிறுத்துகிறது. சந்திரா தல்பாதே மொஹந்தி 1980களில், மேற்கத்தியப் பெண்ணியம் ‘மூன்றாம் உலகப் பெண்’ என்ற ஒரே அச்சில் எல்லோரையும் வார்ப்பதைக் கண்டித்தார். ஆர்ஜென்டீனாவில் பிறந்த மரியா லுகோனஸ், காலனியம் நிலத்தையும் உழைப்பையும் மட்டும் மாற்றவில்லை, ஆண், பெண் என்ற உறவையே தன் வசதிக்கு ஏற்ப மாற்றி அமைத்தது என்று வாதிட்டார். பிரான்சுவாஸ் வெர்ஜே, பாரிஸ் ரயில் நிலையத்தைத் துப்புரவு செய்யும் வெள்ளையரல்லாத பெண்களின் வேலைநிறுத்தத்திலிருந்து தன் நூலைத் தொடங்குகிறார். வெர்ஜே வளர்ந்தது ரீயூனியன் தீவில். அங்கும் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தச் சிந்தனை நமக்கு அவ்வளவு தூரத்துச் சரக்கு அல்ல.

லுகோனஸ் சொன்னதை ஊவாவில் சரிபார்க்கச் சம்பளப் புத்தகமே போதும். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். அறுவடைப் பருவத்தில் வந்து திரும்பிப் போனவர்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்துவிடும்; பறிக்கப் பெண்கள் வேண்டும்; பெண்கள் வேண்டுமென்றால் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டும். மலையகத் தமிழ்க் குடும்பம் இன்றுள்ள உருவத்தில் அமைந்ததில் தேயிலைச் செடியின் இயல்புக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்த 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வெற்றிதான். அதன்படி உயர்மலைத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டத்தின் வருமானம் முழுவதும் எந்தக் கையின் விரல்நுனியில் தொடங்குகிறதோ அந்தக் கைக்கு 11 சதம் குறைவு. சட்டத்திலேயே எழுதிவைத்த இந்த வித்தியாசம் 1984 வரை நீடித்தது. வெள்ளைத்துரை கப்பலேறிப் போன பிறகும், தோட்டங்கள் அரசுடைமையான பிறகும், தொழிற்சங்கத் தலைவர்கள் அமைச்சர்களான பிறகும் நீடித்தது என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அந்தக் குறைந்த சம்பளமும் அவள் கைக்கு வந்ததா? சர்வதேச தொழில் அமைப்புக்காக ரேச்சல் குரியன் 1982இல் எழுதிய ஆய்வு, பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைப் பதிவுசெய்தது. மலையில் நாட்சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். நிர்ணயித்த கிலோ எடுத்தால் ஒரு பேர்; எடுக்கவில்லை என்றால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு மாலையில் ‘ஒனக்கு இன்னிக்கு அரைப்பேர்தான்’ என்று சொல்லப்படும். ஒரு மனுஷியின் பேரையே பாதியாக வெட்டலாம் என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விட இந்த ஒரு சொல் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

இதில் வெள்ளையரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. துரைக்கும் லயத்துக்கும் நடுவில் நின்றவர் பெரியகங்காணி. ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்தவரும், முன்பணக் கடனில் அவர்களைக் கட்டிவைத்தவரும், வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் ‘பென்ஸ் காசு’ வாங்கியவரும் அவரே. கடனை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது. கங்காணிமார் பெரும்பாலும் ஊரில் மேல்சாதிக்காரர். கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரின் சாதிப்படி கப்பலில் கூடவே வந்து லயத்தின் காம்பரா வரிசையில் குடியேறியது. வெள்ளையன் அதை உருவாக்கவில்லை, கண்டுகொண்டான், பயன்படுத்திக்கொண்டான். வெள்ளைச் சலுகை தனியாக நின்றதில்லை. சாதிச் சலுகையும் ஆண் சலுகையும் அதற்கு முட்டுக்கொடுத்தன. லயத்துப் பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால்தான் இந்த மூன்றும் ஒரே சுவராகத் தெரியும்.

பங்களாவிலும் ஒரு பெண் இருந்தாள். துரைசாணி. அவளுக்கும் தனிமை உண்டு. கணவனுக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை உண்டு. அவள் பிள்ளையை வளர்த்தவள் லயத்திலிருந்து வந்த ஆயா. ஆயாவின் பிள்ளை அந்த நேரத்தில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் கிடந்தது. பெண்கள் எல்லோரும் ஒன்று என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டு பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலங்கைப் பெண்ணிய வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன, தெற்காசியாவுக்கு வந்த வெள்ளைப் பெண்களைப் பற்றி 1995இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய தாயார் ஆங்கிலேயர், தந்தை சிங்களவர். கூடிவாழ்வதன் இனிமையும் சிக்கலும் அவருக்கு வீட்டுப் பாடம். ஆட்சியின் பக்கம் நின்ற வெள்ளைப் பெண்களையும், அதைவிட்டு வெளியேறி வந்தவர்களையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. கனடாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்து, இலங்கைப் பெண்களுக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த மருத்துவர் மேரி இரட்ணம், இடதுசாரி இயக்கத்தில் கலந்து பின்னர் நாடாளுமன்றம் சென்ற டொரீன் விக்கிரமசிங்க ஆகியோர் இரண்டாம் வகையினர்.

வெள்ளைத் தோலைச் சுமந்தபடி வரிசை மாற முடியுமா என்பதற்கு 1937 ஒரு பதில் தந்தது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் தேயிலைத் தொழில் பழக வந்தவர். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை. தொழிலாளர் நடத்தப்படும் முறை பொறுக்காமல் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவுடன் மேடையில் அமர்ந்து துரைமாருக்கு எதிராகப் பேசினார். அவரை நாடுகடத்த ஆளுநர் உத்தரவிட்டார். மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. ஒரு கறுப்பன் பேசியிருந்தால் சிறை. வெள்ளையன் பேசியதால் நாடுகடத்தல். சலுகையை அவர் உதறியபோது அதிர்ந்தது பங்களாக்கள்தான். ஒருவர் வெளியேறினால் மற்றவர்களின் உரிமை இயல்பானது அல்ல என்று தெரிந்துவிடுமே.

பெண்களின் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சென்றவர்களில் கண்டியைச் சேர்ந்த பறங்கியப் பெண் அக்னெஸ் த சில்வாவும் ஒருவர். தோட்டத்தில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்கு வேண்டும் என்று டொனமூர் பிரபு கேட்டார். ஆமாம், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னெஸ் தயங்காமல் பதில் சொன்னார். படித்த, வசதியுள்ள பெண்களுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தால் காரியம் எளிதாகவே முடிந்திருக்கும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. மறுபுறம், மலைக்குள்ளேயே மீனாட்சி அம்மாள் வேலை செய்துகொண்டிருந்தார். கணவர் கோ. நடேசய்யருடன் தோட்டம் தோட்டமாகப் போய், எழுத்தறியாத மக்களுக்குப் பாட்டாகக் கட்டி அரசியல் சொன்னவர் அவர். 1940இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களுக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் காரியம் செய்வேன் என்று துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ‘இங்கே வா’ என்பதற்குப் பதில் ‘வந்து பேசுவோம்’ என்று சொல்லவைத்த நாட்கள் அவை. நெடுநாள் நீடிக்கவில்லை.

ஏனென்றால் 1947 தேர்தலில் பதுளை உட்பட 7 தொகுதிகளில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. 1948இல் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அக்னெஸ் த சில்வா கேட்டு வாங்கிய வாக்கு அந்தப் பெண்களிடமிருந்து பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் மாமியார் ஒரு நாட்டுக்கும் மருமகள் இன்னொரு நாட்டுக்கும் ஆனார்கள். நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிய 2003 வரை ஆயிற்று. இதையெல்லாம் செய்தது வெள்ளைக்கார அரசு அல்ல.

1972க்கும் 1975க்கும் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. பங்களாவில் இப்போது இருப்பவர் சிங்களவராகவோ தமிழராகவோ இருக்கலாம். இன்றும் அவர் ‘துரை’தான். வெள்ளை என்பது நிறமாக வந்து, பதவியாகத் தங்கிவிட்டது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை இடிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? லயம் அவர்களுடையது அல்ல, அது நின்ற மண்ணும் அவர்களுடையது அல்ல. போய்க் குடிசை போட ஒரு சாண் நிலம் கிடையாது. உறுதியான மேட்டைப் பங்களாவுக்கும் ஓடையோரப் பள்ளத்தை லயத்துக்கும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கைநீட்டிக் காட்டியிருப்பார். அந்தக் கை போய்விட்டது. அது காட்டிய இடத்தில் ஆட்கள் இன்னும் படுத்துறங்குகிறார்கள்.

அந்த நிலம் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கூடிவாழ்தலின் இன்னொரு முடிச்சு அங்கே இருக்கிறது. 1817–18 ஊவா எழுச்சியை அடக்க ஆங்கிலேயர் கிராமங்களை எரித்தார்கள், பயிர்களை அழித்தார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடியின் சொத்து என்றது. மலைநாட்டில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கும் விற்றார்கள். வாங்கியவர்களில் ஆளுநரும் அதிகாரிகளும் இருந்தார்கள். நிலம் இழந்த சிங்களக் கிராமத்தவர் பக்கத்து மலையில் குடியேறிய தமிழ்க் கூலியையே பறித்தவனாகப் பார்க்கப் பழக்கப்படுத்தப்பட்டார்கள். 1977, 1981, 1983 இனவன்முறைகளில் லயங்கள் எரிந்ததற்குப் பின்னால் இந்தப் பார்வையும் இருந்தது. ஒரே கையால் நிலத்தை இழந்தவரும் அதே கையால் நிலமில்லாமல் கொண்டுவரப்பட்டவரும் ஒருவரை ஒருவர் எதிரியாக எண்ணியதைவிட வெள்ளை ஆட்சிக்கு வேறென்ன வெற்றி வேண்டும்?

இன்று இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. தோட்டத்தில் வேலைநாள் குறைந்த தமிழ்ப் பெண்கள் கிராமத்துச் சிங்களவரின் தேயிலைத் துண்டுகளில் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். அங்கேயும் கூலி பேரம் உண்டு. ஆனால் உடையவளும் செடிக்குள் இறங்கிப் பறிப்பாள். மதியம் ஒரே திண்ணையில் சோறு. நிலம் ஒருத்திக்கு இருக்கிறது, மற்றவளுக்கு இல்லை என்ற உண்மை அந்தத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கும். இருந்தாலும், கூடிவாழ்தலைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் மாநாட்டு மண்டபங்களைவிட அந்தத் திண்ணையைப் பார்க்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பரிவு பற்றிய பேச்சுகள் அங்கே தேவைப்படுவதில்லை. இன்றைய கூலி எவ்வளவு, நாளைக்கு வருவாயா என்பதில் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையை 1890இல் கட்டிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்று தன் தேயிலையை விளம்பரம் செய்தார். நடுவில் இருந்த கைகள் அந்த வாசகத்தில் இல்லை. கூடை சுமந்த பெண்ணின் படம் மட்டும் இருந்தது. 2022இல் யுனிலீவர் தன் தேயிலை வணிகத்தை லிப்டன் பெயரோடு 450 கோடி யூரோவுக்குக் கைமாற்றியது. அந்த ஆண்டு இலங்கை ரூபா சரிந்து கிடந்தது. போராடி வாங்கிய 1,000 ரூபா நாட்கூலி 3 டொலர்கூடத் தேறவில்லை. லிப்டன் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் மலையுச்சிக்கு விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகள் ஏறுகிறார்கள். வழியில் கொழுந்தெடுப்பவள் படத்துக்குச் சிரித்துவிட்டுக் கைநீட்டினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. அவள் படத்தை நூறாண்டுகளாக இலவசமாக எடுத்து வந்தது அவர்களைச் சங்கடப்படுத்தவில்லை.

2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்களில் அங்கே சென்ற முதல் இருவர். பெண் வாக்குரிமை வந்து 93 ஆண்டுகள். அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன், 2018இல், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவும் பிரதேச சபையின் பணத்தைச் செலவிட வழியில்லை. வாக்களித்த சபை அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றது. பல லயங்களுக்கு இன்னமும் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்த பிள்ளைகளின் கதை மலையில் ஏராளம். புதிதாகக் கட்டித் தரப்படும் வீடுகளுக்குச் சில பேர்ச் நிலம் என்கிறார்கள். அந்தச் சில பேர்ச்சின் உறுதியில் யார் பெயர் இருக்கும் என்று கேட்க வேண்டும். அரைப்பேர் வாங்கிப் பழகியவளின் முழுப்பெயர் அதில் வருமா?

லயத்து வாசலில் அந்நியர் யார் போய் நின்றாலும், ஆய்வுக்குப் போனவராகட்டும், வழி தவறிய வெள்ளைக்காரப் பயணியாகட்டும், உள்ளேயிருந்து வரும் முதல் சொல் ‘வாங்க’ என்பதுதான். பிறகு, ‘இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்’. நல்ல கொழுந்தெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடும். மாதாமாதம் தோட்டத்தில் கொடுக்கும் தூளில்தான் அந்தத் தேத்தண்ணி.